கதவு எண் பூஜ்யம்

மாலை ஐந்து மணிக்குள் மரகதம் 'சரி' என்ற கட்டத்தில் விரல் வைக்க வேண்டும். வைத்தால் அவள் எழுதிய நான்கு வரி நிரல் மறுநாள் காலைக்குள் பதினோரு லட்சம் பேரின் காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வைக்காவிட்டால் நாளைக்கும் யாரோ இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டிலோ சமையற்கட்டிலோ கைகால் வெட்டி இழுத்துக்கொண்டு விழுவார்கள். இதில் தயங்க என்ன இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள்.

காலையில் காப்பி ஆகியிருந்தது, குடித்தாள். கார் வாசலில் நின்றது; வழக்கம்போல இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஸ்டியரிங் வைத்த பழைய காலத்து வண்டி. இருந்தாலும் தானாக ஓடும்படி எப்போதோ மாற்றியாயிற்று. குழி வந்தால் ஒதுங்கிப் போகும், நாய் குறுக்கே வந்தால் நிற்கும். சரவணம்பட்டி அலுவலகத்தில் எல்லோரும் புது வண்டிக்கு மாறிவிட்டார்கள். மரகதத்துக்கு மட்டும் இதை விட மனசு வரவில்லை.

சீட் பெல்ட்டை இழுக்கும்போது வலது மணிக்கட்டு கண்ணில் பட்டது. நான்கைந்து இடத்தில் கன்றி நீலமாக இருந்தது. எங்கே இடித்துக்கொண்டோம் என்று கொஞ்சம் யோசித்தாள். பிடிபடவில்லை, விட்டுவிட்டாள்.

வண்டி கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது மேலாளர் பிரிட்டோ கூப்பிட்டார்.

"இன்னிக்குக் கடைசி நாள் மரகதம். அஞ்சு மணி. மறந்துடாதீங்க."

"ஞாபக ஏட்டுக்கு நிரல் எழுதறவகிட்டயே மறந்துடாதீங்கன்னு சொல்றீங்க பாருங்க, சார்."

பிரிட்டோ சிரித்தார். கடன் வாங்கின சிரிப்பு அது, உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். "அதுக்கில்ல. ஆவாரம்பாளையம் கேஸ்ல மூணு வாரமா நீங்க மொதல்ல 'நிறுத்து'ன்னு போடறீங்க. ஏழெட்டு நிமிஷம் கழிச்சு 'சரி'ன்னு மாத்தறீங்க. ஏன்னு மேல கேக்கறாங்க."

"டேப்லெட் திரை கெட்டுப்போச்சு. வேற குடுங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு. பைக்குள்ள வச்சாலே அதுவா அமுங்கிடுது."

"அந்த நோயாளியோட சம்சாரம் ஏதோ புகார் எழுதியிருந்தாங்களே, உங்களுக்கு அனுப்பி வச்சேன்."

"வந்துச்சு. ரெண்டு தாள். ஒண்ணுமே எழுதல."

"எழுதலையா? நெருக்கி நெருக்கி எழுதின மாதிரி இருந்துச்சே. நான் படிக்கல. உங்க நிரல், நீங்களே பாத்துச் சொன்னாத்தான் முறைன்னு அனுப்பிட்டேன்."

"வெறும் தாள்தான் சார்."

"சரி விடுங்க. நீங்க இல்லேன்னா இல்ல. புது ஏடு செஞ்சு எல்லாருக்கும் மாத்தறதுன்னா நாம கம்பெனிய மூடிட்டுப் போக வேண்டியதுதான். உங்க நாலு வரிதான் நம்மளக் காப்பாத்துது."

மரகதத்துக்குப் புகழ்ச்சி பிடிக்கும். பிடிக்காது என்று சொல்லிக்கொள்ளவும் பிடிக்கும். இரண்டையும் அனுபவித்துக்கொண்டே வெளியே பார்த்தாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

மறதிக் காய்ச்சல் வந்த வருஷத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. காய்ச்சல் இறங்கியது, ஆளும் பிழைத்தார். ஆனால் காலையில் தின்ற இட்லி மத்தியானம் ஞாபகத்தில் இல்லை. பெற்ற பிள்ளையின் பெயரைத் தடவித் தடவித் தேடினார்கள். அப்போது வந்ததுதான் ஏடு. புளியங்கொட்டை அளவில் ஒரு சில்லு. பழைய ஞாபகமும் புது ஞாபகமும் அதற்குள் இருக்கும். எந்த ஞாபகம் எந்த எண்ணில் இருக்கிறது என்பது மட்டும் மூளைக்குத் தெரிந்தால் போதும். ஜனங்கள் திரும்பவும் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்தார்கள், சண்டை போட்டார்கள். மரகதத்துக்கும் காதுக்குப் பின்னால் ஏடு இருந்தது. ஏடு வைத்தவர்களைத்தான் கம்பெனி வேலைக்கு எடுக்கும்.

அதற்குக் காரணம் அங்கே இருந்த ஒரு வழக்கம். நிரல் எழுதியவர் அதை முதலில் தன் ஏட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். முப்பது நாள் தினமும் அளந்து பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் அடுத்தவர் தலையில் கை வைக்கலாம். சமைத்தவர் முதலில் ருசி பார்க்கும் கதைதான். மரகதம் தன் நான்கு வரியை ஏற்றிக்கொண்டு பதினான்கு மாதம் ஆகிறது. முப்பது நாளும் கருவியில் பூஜ்யம்தான் காட்டியது. அதற்கப்புறம் அளக்க வேண்டிய அவசியமில்லை, அளக்கவுமில்லை. எதை எழுதினாலும் தன் மேலேயே முதலில் போட்டுப் பார்க்கிறவள் என்ற கர்வம் அவளுக்கு உண்டு. நியாயமான கர்வம்தான் அது.

ஆவாரம்பாளையத்தில் வண்டி நின்றது. பம்ப் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெரு. அவளுக்கு அடுத்து சோதனைக்காக நிரல் ஏற்றிய நோயாளி நாச்சிமுத்துவின் வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருந்தது. சாரல் வலுத்துவிட்டிருந்தது. மரகதம் இறங்கி வாசல் வரை நடந்தாள். அவள் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அதைப் பற்றி அவள் நினைக்கவுமில்லை.

கதவைத் திறந்த வசந்தாமணி, "வாங்க," என்றாள். பிறகு மரகதத்தின் தோளுக்கு மேலே பார்த்து இன்னொரு தடவை, "வாங்க," என்றாள். நாச்சிமுத்துவின் மனைவி. நாற்பத்தெட்டு வயது, அதில் பத்து வயது இந்த ஒரு வருஷத்தில் ஏறியது. எதையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கம் அந்தம்மாவுக்கு உண்டு என்று மரகதம் முன்பே கவனித்திருந்தாள். கொஞ்சம் சிடுசிடுப்பும் உண்டு.

நாச்சிமுத்து முன்னறையில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். வாயில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுநாற்பதாவது சுற்றில் நிறுத்தி, கும்பிட்டார்.

"எப்படி இருக்கீங்கண்ணா?"

"நல்லா இருக்கறனுங்க. விழுகறதெல்லாம் நின்னே போச்சு."

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தானுங்க."

வசந்தாமணி தட்டில் காப்பி கொண்டுவந்தாள். மூன்று டம்ளர். நாச்சிமுத்து அவள் கையிலிருந்து ஒன்றை எடுத்தார், அலமாரியிலிருந்து எடுப்பது போல. இரண்டாவது மரகதத்துக்கு. மூன்றாவது வாசல் பக்கம் போயிற்று.

"சமையல் யாருங்கண்ணா செய்யறாங்க?"

நாச்சிமுத்து ஒரு வாய் குடித்தார். முகத்தில் குழப்பம் எதுவும் இல்லை. "அதெல்லாம் ஆகுதுங்க," என்றார்.

பிறகு எழுந்து இடுக்கி எடுக்கப் போனார். வழியில் நின்றிருந்த மனைவியைத் தூணைச் சுற்றிப் போவது மாதிரிச் சுற்றிப் போனார். இடிக்கவில்லை. பார்க்கவுமில்லை. வசந்தாமணி இடம் விட்டு நகரவில்லை. சுற்றிப் போகட்டும் என்றே நிற்கிறாளோ என்று தோன்றியது.

மரகதம் கருவியை நாச்சிமுத்துவின் காதருகில் வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. நேற்றுக் காலையிலிருந்து அவர் மூளை நானூற்றுப் பன்னிரண்டு தடவை மனைவியைத் தேடிப் போயிருக்கிறது. அத்தனை தடவையும் அவள் எழுதிய நான்கு வரி, அங்கே ஒன்றுமில்லை, நீ உன் வேலையைப் பார் என்று தோளைத் தட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறது. சத்தமில்லாமல், அடையாளமில்லாமல். அந்தச் சத்தமின்மைதான் அவளுடைய கைத்திறன். தாண்டிய எண்ணிக்கையை மட்டும் வைத்தாள். எதைத் தாண்டியது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அடுத்தவர் ஞாபகத்துக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் விட்டது அது.

உள்ளறைக்கு வந்ததும் பேச்சைத் தொடங்கினாள். "அக்கா, இன்னியோட முடியுது. ஒரு தடவ மறுபடி விளக்கமாச் சொல்லிடறேன்..."

"கதவு நம்பர் கதைதானுங்களே? நானே சொல்றேன், சரியான்னு பாருங்க." வசந்தாமணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஞாபகமெல்லாம் ஏட்டுக்குள்ள வீடு வீடா இருக்குது. மூளைக்கு நம்பரு மட்டுந்தான் தெரியும். ஒரு நம்பர்ல அவுங்கம்மா, ஒரு நம்பர்ல பட்டறை. என்ற வீடு இருந்த வரிசை சில்லுக்குள்ள கெட்டு இடிஞ்சு போச்சு. இப்ப என்ற நம்பரு பூஜ்யம். பூஜ்யம் நம்பர்ல வீடே கெடையாது. அங்க போய்க் கதவத் தட்டுனா மொத்த ஏடும் விழுந்துரும். ஆளும் விழுந்துருவாரு. சரிங்களா?"

"சரியாச் சொல்றீங்க." மென்பொருள்காரர்கள் இதை நல் (null) பாயின்ட்டர் என்பார்கள், எங்கும் போகாத கைகாட்டி. வசந்தாமணி சொன்னதைவிட எளிதாக மரகதத்தாலேயே சொல்லியிருக்க முடியாது.

"சரியாத்தான் சொல்லோணும். அஞ்சு வாரமாக் கேக்கறனே."

"விழாம இருக்கறாரில்லக்கா? அதப் பாருங்க."

"அதப் பாத்துத்தானுங்க கையெழுத்துப் போட்டேன். என்னையப் பாத்தா விழுந்தாரு. ஒரு வாரத்துல பதினோரு தடவ. சமையக்கட்டுல முக்காட்டப் போட்டுக்கிட்டு ஒளிஞ்சு கெடந்தேன். வளையல் சத்தம் கேட்டே ஒரு நாளு விழுந்தாரு. கழட்டி வச்சுட்டேன்." அவள் கை மொட்டையாக இருந்தது. "இந்த நாலு வரியப் போட்டீங்க, எந்திரிச்சு ஒக்காந்துட்டாரு. இப்ப நான் ஊடு பூராவும் நடக்கலாம். சத்தமாப் பேசலாம். ஒண்ணும் ஆகாது. ஒண்ணுமே ஆகாதுங்க."

"புது நம்பர் குடுக்க முடிஞ்சா நானே குடுத்திருப்பேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் மூளை பழைய நம்பரத்தான் எடுக்குது."

"தெரியும். யாராச்சும் எடுத்துச் சொன்னாலும் அஞ்சு நிமிசம் சொந்த மூளையில நிக்கும். அப்புறம் ஏடு எடுத்து வைக்கப் பாக்கும், வைக்க எடமில்லாம அப்புடியே போயிரும். பட்டறைக்காரரு ஒரு நாளு சொல்லிப் போட்டாரு, 'நாச்சிமுத்து, உனக்குச் சம்சாரம் இருக்குதப்பா'ன்னு. அஞ்சு நிமிசம் ஊடு பூரா என்னையத் தேடுனாருங்க. அழுதுக்கிட்டே தேடுனாரு. நான் முன்னாலதான் நின்னேன். ஆறாவது நிமிசம் ஒக்காந்து கம்பி சுத்த ஆரம்பிச்சுட்டாரு."

இந்த மாதிரி நேரத்தில் சொல்ல மரகதத்திடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, அதைச் சொன்னாள். "நானே இதப் பதினாலு மாசமாப் போட்டிருக்கேன்க்கா. எனக்கு ஒண்ணும் ஆகல. அந்தத் தைரியத்துலதான் உங்களுக்குக் குடுத்தேன்."

வசந்தாமணி அதற்காகவே காத்திருந்தது போல நிமிர்ந்தாள். "அப்ப அந்தக் கருவிய உங்க காதுலயும் வச்சுக் காட்டுங்க."

"எனக்குப் பூஜ்யந்தான் வரும்."

"வரட்டுமே. நானும் பாக்கறேன்."

மரகதம் சிரித்துக்கொண்டே வைத்தாள். ஐந்நூற்று முப்பத்தொன்று.

கருவியைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தாள். ஐந்நூற்று முப்பத்துநான்கு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி இலக்கம் ஐந்தாயிற்று.

"இதுவும் கெட்டுப்போச்சு போல."

"டேப்பும் கெட்டுப்போச்சு, இதும் கெட்டுப்போச்சுங்களா? காலைல காப்பி யாரு போட்டுக் குடுத்தாங்க?"

"காப்பியா? அது ஆச்சு."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. முன்னறையில் நாச்சிமுத்து எண்ணிக்கொண்டிருந்தார், அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று.

"கார யாரு ஓட்டியாந்தாங்க?"

"அது தானா ஓடும்."

"ஸ்டியரிங் வச்ச வண்டி தானா ஓடுமுங்களா? வெளிய இத்தன சாரலு. உங்க தலையில ஒரு சொட்டுத் தண்ணி இருக்குதா, தடவிப் பாருங்க."

மரகதம் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. "யாரு அக்கா?" என்றாள்.

"உங்க ஊட்டுக்காரருங்க. இதா, கதவுகிட்ட நிக்கறாரு. கொடைய மடக்கிக் கையில வச்சிருக்கறாரு."

திரும்பிப் பார்த்தாள். கதவு இருந்தது. நல்ல தேக்குக் கதவு. நிலையில் மாவிலை காய்ந்து தொங்கியது. பக்கத்தில் ஏதோ மில் கடைக் காலண்டர், இன்னும் போன மாதத்தைக் கிழிக்கவில்லை. அவள் பார்வை கதவிலிருந்து காலண்டருக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று. இழுத்துப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி வழுக்கியது. கீழே தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அது தெரிந்தது. மேலே பார்த்தால் காலண்டர்.

"பேரென்ன?"

வசந்தாமணியின் உதடு அசைந்தது. பட்டறையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கக்கா."

"சொல்லிட்டனுங்க."

"எத்தன வருஷமா..."

வசந்தாமணி கதவுப் பக்கம் பார்த்து, கேட்டு, திரும்பினாள். "கல்யாணமாகிப் பதினாறு வருசங்கறாரு. எட்டு மாசம் முன்னால ஒரு நாள் காலைல நீங்க எந்திரிச்சு அவரத் தாண்டிப் போனீங்களாம். அன்னைலிருந்து இப்புடித்தானாம். மொத தடவ நீங்க வந்தப்ப அவரு கார்லயே ஒக்காந்திருந்தாரு. ரெண்டாவது தடவ வாசல்ல வந்து நின்னாருங்க. நின்னதப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் எப்புடி நிக்கறனோ அப்புடியே நின்னாரு."

இப்போது மரகதத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பொறியாளராக அவளுக்கு அந்தத் தெளிவு எப்போதும் சந்தோஷம் தருவது. இன்றைக்குத் தரவில்லை. அவளுடைய ஏட்டிலும் அந்த வரிசை இடிந்திருக்கிறது. நான்கு வரி இல்லாவிட்டால் அன்று காலையே விழுந்திருப்பாள். எங்கே இடிந்தது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். விழாததால் தெரியவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று பதினான்கு மாதமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எல்லார் ஏட்டுலயும் அந்த வரிசை இடிஞ்சுட்டுத்தான் இருக்குக்கா," என்றாள் மெதுவாக. "விழுந்தாத்தான் புது ஏடு கேப்பாங்க. விழாம பண்ணிட்டா யாரும் கேக்க மாட்டாங்க. யாரு வீட்ல யாரு காணாமப் போறாங்கன்னே தெரியாது. பதினோரு லட்சம் வீடு." டேப்பை எடுத்து 'நிறுத்து' என்பதை அழுத்தினாள். காரணக் கட்டத்தில் விறுவிறுவென்று எழுதினாள்.

வசந்தாமணி பார்த்துக்கொண்டே நின்றாள். "இதச் சொல்லாம இருக்க முடியலீங்க. இத நான் உங்ககிட்டச் சொல்றது நாலாவது தடவ."

விரல் நின்றது.

"மூணு தடவயும் இப்புடியேதான் அழுத்துனீங்க. இப்புடியேதான் எழுதுனீங்க. எழுதுனது உங்க கண்ணுக்கே தெரியாமப் போயிருது. வண்டியில ஏறி மாத்தி உட்டுர்றீங்க. அவரு பக்கத்துல ஒக்காந்து கத்தறாராம். ஆபீசுக்கு நான் ரெண்டு பக்கம் எழுதுனேன். அத உங்களுக்கே அனுப்பிட்டாங்க, நீங்க வெறும் தாளுன்னுட்டீங்களாமே."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்துநான்கு. வசந்தாமணி சொல்ல ஆரம்பித்தது நாற்பத்திரண்டுக்கு இருக்கும். மூன்று நிமிஷம் மிச்சம்.

மூன்று நிமிஷத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. ஏட்டிலிருந்து அந்த நான்கு வரியை நீக்க இதே கருவி போதும். இருபது விநாடி வேலை. நீக்கிவிட்டுக் கதவைப் பார்த்தால் விழுவாள். விழுந்தால் ஏடு தானாகவே ஆஸ்பத்திரிக்குச் செய்தி அனுப்பிவிடும். அதை எந்த மேலாளராலும் மறைக்க முடியாது. நிரல் எழுதியவளே விழுந்தாள் என்றால் ஐந்து மணிக்கு அந்தக் கட்டமே இருக்காது. விழுகிறவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் எழுந்திருப்பதில்லை. பரவாயில்லை. தான் எழுதியதைத் தன் மேல் முதலில் போட்டுப் பார்க்கிறவள் அவள். கருவியைத் தூக்கினாள்.

கை காது வரை போகவில்லை. பாதியில் நின்றது.

மரத்துப்போய்விட்டது என்று நினைத்தாள். உதறினாள். அசையவில்லை. கருவியை இடது கைக்கு மாற்றினாள். அதுவும் நெஞ்சுக்கு நேராக நின்றுவிட்டது.

வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். "அவருதானுங்க புடிச்சிருக்காரு. போன வாரமும் இப்புடித்தான் புடிச்சாரு."

மணிக்கட்டின் நீலத்தைப் பார்த்தாள் மரகதம். அதன் மேல் தோல் குழிந்து வெளுத்தது. விரல் எதுவும் இல்லை. தோல் மட்டும் குழிந்தது.

"விடச் சொல்லுங்கக்கா. பதினோரு லட்சம் பேரு, அக்கா. சொல்லுங்க அவர்கிட்ட."

வசந்தாமணி அவளுக்குப் பக்கத்தில் காற்றைப் பார்த்துப் பேசினாள். கேட்டுக்கொண்டாள். பிறகு திருப்பிச் சொன்னாள். "'எனக்குப் பதினோரு லட்சம் பேரத் தெரியாது'ங்கறாரு."

"அப்ப நீங்க புடிங்க. இத வாங்கி என் காதுகிட்ட வைங்க. ஒரே ஒரு தடவ."

வசந்தாமணி முன்னறைப் பக்கம் பார்த்தாள். நாச்சிமுத்து நூற்றுப்பத்தில் இருந்தார். வேர்த்த நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டு, பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு, சுகமாக இருந்தார்.

"என்னால ஆகாதுங்க அம்மிணி," என்றாள். "அங்க ஒக்காந்திருக்கறவரு கையில இது இருந்தா நானும் இப்புடித்தான் புடிச்சுக்குவேன். உங்க ஊட்டுக்காரரு என்ன தப்பு பண்ணுனாரு?"

மரகதத்துக்கு அழுகை வந்தது. பதினாறு வருஷம். அதில் ஒரு நாள்கூடக் கையில் இல்லை. எப்படிச் சிரிப்பார், கோபம் வந்தால் கத்துவாரா, பேசாமல் இருப்பாரா, எதுவும் தெரியாது. யாரென்றே தெரியாத ஒருவருக்காக அவள் விக்கி விக்கி அழுதாள். கன்னத்தில் வழிந்த ஈரம், அவள் துடைக்காமலே, துடைக்கப்பட்டது.

"இருக்கீங்களா?" என்று கேட்டாள், எந்தப் பக்கம் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல்.

"இருக்கேங்கறாரு," என்றாள் வசந்தாமணி.

கடிகாரத்தில் முள் நாற்பத்தேழைத் தாண்டியது.

மரகதம் உள்ளறையில் நின்றிருந்தாள். கையில் கருவி இருந்தது. நாச்சிமுத்துவுக்கு அளந்தாயிற்று, நானூற்றுப் பன்னிரண்டு. கண் எரிந்தது. சமையற்கட்டில் மிளகாய் வறுத்திருப்பார்கள். எதிரே வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். பாவம், கஷ்டப்பட்ட மனுஷி. வாழ்க்கை பூராவும் கூட இருந்தவரின் கண்ணில் படாமல் நடமாடுவது என்றால் எப்படி இருக்கும் என்று மரகதம் நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே சங்கடமாக இருந்தது. நல்லவேளை, நமக்கு அப்படி யாரும் இல்லை.

"வரேன்க்கா. அடுத்த வாரம் நான் வர வேண்டியதில்ல. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"போயிட்டு வாங்க," என்றாள் வசந்தாமணி. பிறகு, வழக்கம்போல இன்னொரு தடவை, "போயிட்டு வாங்க."

நாச்சிமுத்து நூற்றுநாற்பதாவது சுற்றை முடித்துக் கம்பியை வெட்டினார். மரகதம் சாரலில் நனையாமல் போய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கட்டும் வலித்தன. டேப்பைத் திறந்தாள். கெட்டுப்போன திரை தன் வேலையைக் காட்டியிருந்தது. 'நிறுத்து' என்று கிடந்தது. காரணக் கட்டம் காலி. சலித்துக்கொண்டு அழித்தாள். 'நோயாளி நலம். குறை ஏதுமில்லை' என்று எழுதினாள். கீழே கடைசி உத்தரவுக்கான கட்டம் விரிந்தது. ஐந்து மணி வரை வைத்திருப்பானேன் என்று 'சரி'யில் விரலை வைத்தாள்.

வண்டி கிளம்பவில்லை. கண்ணாடியில் சாரல் வழிந்துகொண்டிருந்தது, வைப்பரும் ஓடவில்லை. மரகதம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பழைய வண்டி, எப்போதாவது இப்படி மக்கர் பண்ணும். கை நீட்டி டேஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டினாள், செல்லமாக.

ரொம்ப நேரம் கழித்து வண்டி கிளம்பியது.